இட்டாலியன் ஓப்பனிங்கும் பத்து மூவ் தோல்வியும்: சதுரங்கப் பக்கம், வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஓப்பனிங், அதாவது ஆட்டத்தோட தொடக்க மூவ்கள் பத்தி தான். லீவு விட்டா மதுரைய சுத்தி வாராவாரம் ஏதாவது ஒரு ஸ்கூல்ல, காலேஜ்ல டோர்னமென்ட் நடக்குது, அதனால இருக்கும். மூவ் எழுதுற முறை தெரியாதவங்களுக்கு ஒரே வரி: வெள்ளைக் காய் ஆடுறவர் பக்கத்துல இருந்து பார்த்தா இடமிருந்து வலமா ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, ஹெச், கீழ இருந்து மேல 1 முதல் 8. ஈ4ன்னா ராஜாவுக்கு முன்னால நிக்கிற சிப்பாய் ரெண்டு கட்டம் முன்னேறுது. போர்டை எடுத்து பக்கத்துல வச்சுட்டு படிங்க, இல்லாட்டி ஒண்ணும் மண்டையில ஏறாது.

கேள்வி: வணக்கம் சார். என் மகன் ஏழாவது படிக்கிறான். போன மாசம் மதுரையில ஒரு ரேட்டிங் (ஆட்டக்காரர் பலத்த காட்டுற எண்) டோர்னமென்ட்ல மூணாவது ரவுண்ட்ல கருப்புல விளையாண்டு பத்தே மூவ்ல மேட் வாங்கிட்டான். ஆன்லைன்ல காசு கட்டி ஓப்பனிங் கோர்ஸ் வாங்கிக் குடுத்தோம், பதினஞ்சு மூவ் வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பான், அப்புறமும் இப்படி ஆயிருச்சு. வீட்டுக்கு வர்ற வரைக்கும் பஸ்ல ஒரு வார்த்தை பேசல. ஓப்பனிங்க மாத்திரலாமா? ஸ்கோர் ஷீட்ட போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன். (ஒரு அப்பா, திருமங்கலம்)

பதில்: மாத்தாதீங்கண்ணே. ஸ்கோர் ஷீட்ட நல்லா பெருசு பண்ணி பார்த்தேன், அதுல விஷயம் இருக்கு. முதல்ல ஆட்டத்த இங்க எழுதிர்றேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல.

வெள்ளை ஈ4, கருப்பு ஈ5. வெள்ளை குதிரை எஃப்3, கருப்பு குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4, இதான் இட்டாலியன். உங்க பையன் மூணாவது மூவ்ல இன்னொரு குதிரைய எஃப்6ல வைக்கிறான், ரொம்ப நல்ல மூவ். நாலாவது மூவ் வெள்ளை குதிரை ஜி5ல வந்து குதிக்குது. பிஷப்பும் குதிரையும் சேர்ந்து எஃப்7 சிப்பாய பார்க்குது, அந்த சிப்பாய்க்கு காவல் ராஜா ஒருத்தர் மட்டும் தான். உங்க பையன் டி5ன்னு சிப்பாய தள்ளி பிஷப் வழிய மறிக்கிறான், இதுவும் சரி தான், இதுவரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. வெள்ளை சிப்பாய் டி5ல வெட்டுது. இங்க அவன் குதிரையால திருப்பி வெட்டிட்டான். வெள்ளை குதிரை எஃப்7ல பாய்ஞ்சு தன்னையே குடுக்குது, ராஜா அத வெட்டுறாரு, ராணி எஃப்3க்கு வந்து செக். ராஜாவ பையன் திரும்ப ஜி8க்கு கொண்டு போய் ஒளிச்சு வைக்கிறான். பிஷப் டி5ல வெட்டி செக், ராணி பிஷப்ப வெட்டுது, வெள்ளை ராணி அந்த ராணிய வெட்டி மறுபடி செக், பிஷப் ஈ6ல குறுக்க வருது, ராணி அதையும் வெட்டுது, மேட். சரியா பத்து மூவ்.

இது இன்னைக்கு நேத்து வந்த பொறி இல்லண்ணே, 1600கள் தொடக்கத்துலயே இத்தாலில பொலேரியோங்கிறவர் பேர்ல இப்படி ஒரு ஆட்டக் குறிப்பு இருக்கு. நானூறு வருஷமா ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைகளும் இதுல ஒரு தடவையாச்சும் விழுந்துகிட்டே தான் இருக்காங்க, அதனால அதுக்காக பையன் தலை குனிய வேண்டிய அவசியமே இல்ல.

இப்போ ஸ்கோர் ஷீட்டுக்கு வர்றேன். ஒவ்வொரு மூவ் பக்கத்துலயும் கடிகாரத்துல மிச்சம் எம்புட்டு நேரம் இருந்துச்சுன்னு அவனே குறிச்சு வச்சிருக்கான், அந்தப் பழக்கத்த யார் சொல்லிக் குடுத்தாங்களோ அவங்களுக்கு என் வணக்கம். ஆட்டம் 90 நிமிஷம், மூவுக்கு 30 செகண்ட் கூடுதல். ஏழாவது மூவ், அதாவது ராஜா ஜி8க்கு போற மூவ் பக்கத்துல அவன் எழுதிருக்கிறது 91. கூடுதலா வந்த மூணரை நிமிஷத்தையும் சேர்த்துப் பார்த்தா, ஏழு மூவுக்கும் மொத்தமா அவன் செலவழிச்சது ரெண்டரை, மூணு நிமிஷம் தான். கைல ஒன்றரை மணி நேரம் இருக்கு, ராஜா நடுவுல தனியா நிக்கிறாரு, செக் விழுந்திருக்கு, அப்பவும் பையன் படபடன்னு காய நகத்திருக்கான். இதான் நோய். ஓப்பனிங் இல்ல.

ஏன் படபடன்னு ஆடுறான்னு யோசிச்சு பாருங்க. கோர்ஸ்ல மனப்பாடம் பண்ணவன் "அடுத்து என்ன வரும்"னு மட்டும் தான் தேடுவான், "எதிராளி எதுக்காக இத ஆடுனாரு"ன்னு கேக்க மாட்டான். அஞ்சாவது மூவ்ல மனப்பாடம் விட்டுப் போச்சு, கைக்கு எட்டுன காய வெட்டிட்டான். மாட்டுத்தாவணில பஸ் நம்பர மட்டும் பார்த்து ஏறி உக்காந்துட்டு அது எந்த ஊருக்குப் போகுதுன்னு தெரியாம இருக்கிற மாதிரி தான் இது.

அந்த அஞ்சாவது மூவ்ல ஆட வேண்டியது குதிரை ஏ5. சி6ல இருக்கிற குதிரை ஓரத்துக்குப் போய் பிஷப்ப மிரட்டும். "குதிரைய ஓரத்துல வைக்காதே"ன்னு எல்லா கோச்சும் சொல்லுவோம், இங்க அது தான் மருந்து. எப்படின்னா, வெள்ளை பிஷப் பி5ல செக் குடுக்கும், கருப்பு சி6ல சிப்பாய தள்ளும், வெட்டு, திருப்பி வெட்டு, பிஷப் ஈ2க்கு பின்வாங்கும், கருப்பு ஹெச்6, வெள்ளை குதிரை எஃப்3க்கு திரும்பி ஓடும், கருப்பு ஈ4ன்னு மறுபடியும் அத விரட்டும். எண்ணிப் பாருங்க, வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், ஆனா பிஷப்பும் குதிரையும் போன வழியிலயே திரும்பி வந்து நிக்குது, கருப்பு காய்கள் எல்லாம் வெளிய வந்து மூச்சு விடுது. ஒரு சிப்பாய குடுத்து நேரத்த வாங்கிருக்கோம். இந்த வாக்கியத்த உங்க பையன் அவன் வார்த்தைல உங்களுக்கு விளக்கிச் சொன்னா போதும், மூவ் வரிசை மறந்தாக்கூட போர்ட்ல உக்காந்து கண்டுபிடிச்சிருவான்.

இன்னொண்ணு, ராஜா ஏழாவது மூவ்ல ஈ6க்கு முன்னால வந்து டி5 குதிரைக்கு காவலா நின்னிருந்தா கூட ஆட்டம் உடனே முடிஞ்சிருக்காது. பார்க்க பயமா இருக்கும், கஷ்டம் தான், ஆனா போராடலாம். பயத்துல ஒளியப் போன இடத்துல தான் மேட்.

வீட்ல ஒரு வேலை குடுங்க. இதே ஆட்டத்த அவன் வெள்ளைல உக்காந்து உங்க கூட விளையாடட்டும். நீங்க கருப்பு. ஒவ்வொரு மூவுக்கும் "இது எதுக்கு"ன்னு நீங்க கேளுங்க, உங்களுக்கு செஸ் தெரியாட்டியும் பரவாயில்ல, கேள்வி கேக்க செஸ் தெரியணும்னு இல்லண்ணே.

கேள்வி: இட்டாலியன் ஓப்பனிங் சின்னப் பிள்ளைங்க விளையாடுறது, ரேட்டிங் ஏறுனா விட்டுறணும்னு எங்க காலேஜ் டீம்ல சொல்றாங்க. பெரிய பிளேயர்ஸ் யாராச்சும் இத ஆடுறாங்களா அண்ணா? (ஒரு மாணவி, மேலூர்)

பதில்: ஆடுறாங்களாவாம்மா! 2016ல நியூயார்க்ல கார்ல்சனும் கர்யாகினும் விளையாண்ட உலக சாம்பியன்ஷிப்ல அஞ்சாவது ஆட்டம் இட்டாலியன் தான். சும்மா ஒரு தடவை இல்ல, இப்போ டாப் லெவல்ல அது அன்றாட ஓப்பனிங்.

நடுவுல ஒரு காலம் அது ஓரங்கட்டப்பட்டது உண்மை. எல்லாரும் ஸ்பானிஷ் பக்கம் போனாங்க, அதாவது மூணாவது மூவ்ல பிஷப்ப சி4ல வைக்காம பி5ல வைக்கிறது. 2000ல லண்டன்ல கிராம்னிக் அந்த ஸ்பானிஷ்க்கு எதிரா பெர்லின் டிஃபென்ஸ்ன்னு ஒரு சுவர கட்டுனாரு, காஸ்பரோவ் தலைகீழா நின்னும் அத உடைக்க முடியல, அந்த மேட்ச்ல ஒரு ஆட்டம் கூட காஸ்பரோவ் ஜெயிக்கல, எட்டரைக்கு ஆறரைன்னு உலக சாம்பியன் பட்டம் கைமாறிருச்சு. அதுக்கப்புறம் எல்லாரும் பெர்லின் ஆட ஆரம்பிக்க, வெள்ளைக் காய் ஆடுறவங்க வேற வழி தேடி பழைய இட்டாலியனுக்கே வந்து சேர்ந்தாங்க. அவசரமா டி4 தள்ளாம டி3ன்னு மெதுவா ஆடி, எல்லா காயும் போர்ட்ல இருக்க, நீண்ட நேரம் மோதுற ஆட்டமா அத மாத்திட்டாங்க.

ஆனா எனக்கு இட்டாலியன்ன உடனே ஞாபகம் வர்றது ஒரே ஒரு ஆட்டம். 1895 ஆகஸ்ட், இங்கிலாந்துல ஹேஸ்டிங்ஸ் டோர்னமென்ட். 22 பேர், ஆளுக்கு 21 ஆட்டம், அன்னைக்கு உலகத்துல இருந்த பெரிய தலைகள் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே ஹால்ல. உலக சாம்பியன் லாஸ்கர், சிகோரின், டாராஷ், யாருக்கும் பெருசா தெரியாம அமெரிக்காவுல இருந்து வந்து கடைசில மொத்த டோர்னமென்டையும் ஜெயிச்ச 22 வயசு பில்ஸ்பரி. அவங்களோட ஸ்டைனிட்ஸ், வயசு 59, முந்தின வருஷம் தான் லாஸ்கர்கிட்ட பட்டத்த பறிகொடுத்தவர். எதிர்ல பார்டலேபன். இந்த ஆட்டத்த போர்ட்ல வைக்காம ஒரு மாணவரயும் நான் இட்டாலியன் ஆட விடுறதில்ல.

ஆரம்பம் நம்ம இட்டாலியனே, மூணாவது மூவ்ல கருப்பும் பிஷப்ப சி5ல வைக்குது. ஸ்டைனிட்ஸ் சி3, அப்புறம் டி4, நடுவ பிடிக்கிறாரு. ஆறாவது மூவ்ல கருப்பு பிஷப் பி4ல செக் குடுக்குது, குதிரை சி3ல மறைக்குது, கருப்பு டி5ன்னு நடுவ உடைக்குது. அப்புறம் வரிசையா வெட்டு, பதிமூணாவது மூவ் முடியும்போது போர்ட்ல பாதிக் காய் காணாம போயிருக்கு. மேலோட்டமா பார்க்கிறவன் சமம்னு சொல்லிட்டு டீ குடிக்க போயிருவான். பதினாலாவது மூவ், ஸ்டைனிட்ஸ் யானைய ஈ1க்கு கொண்டு வர்றாரு. அவ்வளவு தான் செஞ்சாரு. கருப்பு ராஜா இன்னும் ஈ8லயே இருக்காரு, முன்னால ஈ7ல குதிரை, நேர் எதிர்ல யானை. கேஸ்லிங் பண்ணா, அதாவது ராஜாவ ரெண்டு கட்டம் ஓரமா நகத்தி யானைய அவரத் தாண்டி பக்கத்துல வச்சா, குதிரை போச்சு. பண்ணாட்டி ராஜா நடுவுல. இந்த ஒரு மூவ்ல இருந்து தான் மிச்ச பதினோரு மூவும் முளைக்குது.

கருப்பு எஃப்6ன்னு ஆடி ராஜாவுக்கு எஃப்7ல ஒரு இடம் பண்ணப் பார்க்குது. ராணி ஈ2ல வந்து யானைக்குப் பக்கபலமா சேர்றாங்க, கருப்பு ராணி டி7ல காவலுக்கு வருது, இன்னொரு யானை சி1க்கு. இங்க கருப்பு ராஜாவ உடனே எஃப்7க்கு நகத்திருக்கணும்னு பின்னால ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க, பார்டலேபன் சி6ன்னு ஒரு சிப்பாய் மூவ் ஆடிட்டாரு. பதினேழாவது மூவ், டி5! சிப்பாய சும்மா குடுக்குறாரு. எதுக்கு? டி4 கட்டம் காலியாகணும், அங்க குதிரை உக்காரணும், அங்க இருந்து ஈ6க்கு பாயணும். ஒரு சிப்பாய் விலை குடுத்து குதிரைக்கு பாதை போடுறாரு. இந்த மூவ நான் முதல் தடவை போர்ட்ல வச்சப்போ ரொம்ப நேரம் காய தொடவே இல்ல, அப்படியே பார்த்துட்டு இருந்தேன்.

அப்புறம் குதிரை டி4, ஈ6, ராணி ஜி4, குதிரை ஜி5ல செக், ராஜா ஈ8க்கு திரும்புது. இருபத்திரண்டாவது மூவ் வெள்ளை யானை ஈ7 குதிரைய வெட்டி செக். இப்ப பாரும்மா, ராஜா அந்த யானைய வெட்டலாம், வெட்டுனா இன்னொரு யானை ஈ1க்கு வந்து செக் குடுத்து துரத்தி அடிக்கும். ராணி வெட்டலாம், வெட்டுனா சி8 யானை போயிரும். பார்டலேபன் ரெண்டும் பண்ணாம ராஜாவ எஃப்8ல வைக்கிறாரு, நல்ல தந்திரம், இப்போ வெள்ளையோட ராணி, ரெண்டு யானை, குதிரை எல்லாமே ஒரே நேரத்துல வெட்டுல நிக்குது, சி1 யானைய வெட்டுனா வெள்ளைக்கே மேட். ஸ்டைனிட்ஸ் யானைய எஃப்7ல வச்சு செக். வெட்ட முடியாது. ராஜா ஜி8. யானை ஜி7ல செக். வெட்ட முடியாது. ராஜா ஹெச்8. யானை ஹெச்7 சிப்பாய வெட்டி செக். ஒரு தனி யானை, யார் வேணா வெட்டலாம்ங்கிற மாதிரி தெரியுற இடத்துல நின்னுகிட்டு, ராஜா வீட்டு வாசல ஒவ்வொண்ணா தட்டிட்டுப் போகுது.

அதுக்கு மேல பத்து மூவ்ல மேட் இருக்குன்னு ஸ்டைனிட்ஸ் அங்கயே காட்டினாரு. அழகான ஆட்டத்துக்கான முதல் பரிசு இதுக்குத் தான் கிடைச்சது.

உங்க டீம்ல சொல்றவங்ககிட்ட இந்த ஆட்டத்த போட்டுக் காட்டும்மா. உனக்கு ஒரு கணக்கும் தர்றேன்: இருபத்திநாலாவது மூவ்ல, யானை ஜி7ல செக் குடுக்கும்போது கருப்பு ராஜா ஹெச்8க்கு போகாம எஃப்8க்கு திரும்பிருந்தா வெள்ளை என்ன ஆடணும்? கம்ப்யூட்டர்கிட்ட கேக்காம எழுதி அனுப்பு.

கேள்வி: ஆட்டத்துல தோக்கப் போறோம்னு தெரிஞ்சா ரிசைன் பண்ணிரணுமா (தோல்விய ஒத்துக்கிட்டு ஆட்டத்த முடிச்சுரணுமா), மேட் ஆகுற வரைக்கும் உக்காரணுமா? என் பேத்தி கூட விளையாண்ட ஒரு பொண்ணு கடிகாரத்த ஓட விட்டுட்டு வெளிய போயி வரவே இல்ல, அரை மணி நேரம் இவ தனியா உக்காந்திருந்தா. (ஓய்வு பெற்ற ஆசிரியர், சோழவந்தான்)

பதில்: ஐயா, மேல சொன்ன ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்துலயும் இதான் நடந்துச்சு. ஹெச்7ல செக் விழுந்ததும் பார்டலேபன் ஒண்ணும் சொல்லாம எழுந்து ஹால விட்டே போயிட்டாரு, அவர் நேரம் தீர்ந்து தான் ஆட்டம் முடிஞ்சது. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அவர் பேர சொன்னா ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது அது தான், அந்த ஹேஸ்டிங்ஸ்ல அவர் வேற ஆட்டங்கள எவ்வளவு நல்லா ஆடுனாருன்னு யாரும் பேசுறதில்ல. வருத்தமா இருக்கு.

சட்டப்படி நேரம் இருக்கிற வரைக்கும் உக்காரலாம். ஆனா எழுந்து வெளிய போயிட்டு எதிராளிய காக்க வைக்கிறது மரியாதை இல்ல, அடுத்த தடவை பேத்திகிட்ட ஆர்பிட்டர, அதாவது நடுவர, கூப்பிட சொல்லுங்க, அது அவங்க வேலை. ரிசைன் பத்தி என் கருத்து வேற: 1400, 1500 ரேட்டிங்ல இருக்கிற பிள்ளைங்க ரிசைன் பண்ணவே வேண்டாம். எதிராளியும் குழந்தை தான், ராணி அதிகமா வச்சிருந்தும் ஸ்டேல்மேட் பண்ணி, அதாவது செக் இல்லாம எதிராளிக்கு ஆட மூவே இல்லாமப் பண்ணி, டிரா ஆக்கி விடுறது எல்லா டோர்னமென்ட்லயும் நடக்குது. விளையாண்டு தோத்துட்டு கை குடுத்துட்டு வரட்டும்.

கேள்வி: என் பையன் கேஸ்லிங் பண்ணும்போது முதல்ல யானைய தொட்டுட்டான்னு எதிர்ல இருந்த பையன் ஆர்பிட்டர கூப்பிட்டுட்டான். யானைய தான் நகத்தணும்னு சொல்லிட்டாங்களாம். ஒரே மூவ் தானே, எத தொட்டா என்ன? அநியாயமா இருக்கு சார். (ஒரு அம்மா, வில்லாபுரம்)

பதில்: உங்க கோவம் புரியுதும்மா, ஆனா ஆர்பிட்டர் செஞ்சது சரி. ஃபிடே, அதாவது உலக செஸ் சங்கத்தோட விதிப்படி கேஸ்லிங்ங்கிறது ராஜாவோட மூவ். முதல்ல ராஜா, ரெண்டு கட்டம் நகத்தி வச்ச அப்புறம் யானை, அதுவும் ஒரே கையால. யானைய முதல்ல தொட்டுட்டு அப்புறம் ராஜாவ தொட்டா அந்த மூவ்ல அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது, தொட்ட யானை தான் நகரணும். வீட்ல போன்ல விளையாடுற பிள்ளைங்களுக்கு இந்தப் பழக்கமே வர மாட்டேங்குது, ஸ்கிரீன்ல ராஜாவ இழுத்தா யானை தானா வந்துருது. நிஜ போர்ட வச்சு தினம் பத்து தடவை கேஸ்லிங் மட்டும் பண்ணச் சொல்லுங்க, கைக்குப் பழகிரும். காய சரியா கட்டத்துக்கு நடுவுல வைக்கணும்னா "அட்ஜஸ்ட்"ன்னு முதல்ல சொல்லிட்டு தொடணும், தொட்டுட்டு சொன்னா செல்லாது.

கேள்வி: நான் வெள்ளைல லண்டன் சிஸ்டம் (டி4 தள்ளி பிஷப்ப எஃப்4ல வைக்கிற ஓப்பனிங்) மட்டும் தான் ஆடுறேன். எதிராளி என்ன ஆடுனாலும் அதே மூவ், மெனக்கெட வேண்டியதில்ல. இதையே வச்சு 1800 தாண்ட முடியுமா? (ஒரு மாணவர், உசிலம்பட்டி)

பதில்: தாண்டலாம் தம்பி. லண்டன மட்டமா பேசுற கூட்டத்துல நான் இல்ல. 2023ல டிங் லிரன் உலக சாம்பியன் ஆனாரே, நெப்போம்னியாச்சிய எதிர்த்து ஆறாவது ஆட்டத்துல லண்டன் தான் ஆடி ஜெயிச்சாரு. கார்ல்சனும் ஆடிருக்காரு.

"என்ன ஆடுனாலும் அதே மூவ்"னு எழுதிருக்க பாரு, அங்க தான் எனக்கு ஒப்பல. எதிராளி சி5 தள்ளி ராணிய பி6ல கொண்டு வந்து உன் பி2 சிப்பாய பார்க்கிறப்பவும் நீ அதே வரிசைல காய அடுக்கிட்டு இருந்தேன்னா நீ செஸ் ஆடல, கோலம் போடுற. லண்டன் ஆடு, கூடவே வருஷத்துக்கு ஒரு புது ஓப்பனிங் ஏதாவது சின்ன டோர்னமென்ட்ல ஆடிப் பாரு. ஆனந்த் 2008ல பான்ல கிராம்னிக்க எதிர்த்து உக்காந்தப்போ, வாழ்க்கை முழுக்க ஈ4 ஆடுனவர்ன்னு பேர் எடுத்தவர், டி4 ஆடி அசத்துனாரு. கருப்புலயும் மெரான்ங்கிற ஓப்பனிங்ல மூணாவது, அஞ்சாவது ஆட்டம் ரெண்டையும் ஜெயிச்சாரு, ஆறரைக்கு நாலரை. கிராம்னிக் மாதிரி ஒருத்தரே தடுமாறிட்டாரு. அந்த வயசுலயும் அவர் புதுசு படிச்சாருல்ல.

கேள்வி: குகேஷ் உலக சாம்பியன் ஆன கடைசி ஆட்டத்துல என்ன ஓப்பனிங் ஆடுனாரு? அத எங்க தெருப் பிள்ளைகளுக்கு சொல்லிக் குடுக்கணும். (ஒரு வாசகர், செல்லூர்)

பதில்: ஆசை நல்ல ஆசைண்ணே, ஆனா அந்த ஆட்டம் ஓப்பனிங்ல ஜெயிச்ச ஆட்டம் இல்ல. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினாலாவது ஆட்டம், ஆறரைக்கு ஆறரைன்னு சமம். டிங் லிரன் வெள்ளை, குதிரை எஃப்3ன்னு ஆரம்பிச்சாரு. காயெல்லாம் மாறி மாறி வெட்டி, கடைசில ரெண்டு பேருக்கும் ஒரு யானை, ஒரு பிஷப், குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். சாதாரணமா டிரா ஆகுற நிலை, பார்த்துட்டு இருந்தவங்க டைபிரேக்குக்கு, அதாவது சமம் ஆனா முடிவு தெரிய ஆடுற வேக ஆட்டங்களுக்கு, மனச தயார் பண்ணிட்டாங்க. குகேஷ் விடல. டிரா கேக்காம உக்காந்து அழுத்திட்டே இருந்தாரு.

ஐம்பத்தஞ்சாவது மூவ், டிங் யானைய எஃப்2ல வச்சாரு, யானைய மாத்திக்கலாம்னு. குகேஷ் யானைய வெட்டி, ராஜா திருப்பி வெட்ட, பிஷப்ப டி5க்கு கொண்டு வந்தாரு. வெள்ளை பிஷப் ஏ8 மூலைல மாட்டியிருக்கு, ஒதுங்க இடமில்ல, மாத்திக்கிட்டே ஆகணும். பிஷப்பும் போயிட்டா மிச்சம் ராஜாவும் சிப்பாயும், அதுல ஒரு சிப்பாய் அதிகம் வச்சிருக்கிறவன் ஜெயிச்சான். ஐம்பத்தெட்டு மூவ்ல முடிஞ்சது, பதினெட்டு வயசுல நம்ம சென்னைப் பையன் உலக சாம்பியன்.

அதனால தெருப் பிள்ளைகளுக்கு சொல்லிக் குடுக்கணும்னா இதச் சொல்லிக் குடுங்க: ராஜாவும் ஒரு சிப்பாயும் எதிர்ல வெறும் ராஜா. எப்போ ஜெயிக்கும், எப்போ டிரா. மூணே காய் தான், சாக்பீஸ்ல தரையில கட்டம் போட்டுக்கூட சொல்லிக் குடுக்கலாம். இத தெரிஞ்ச பிள்ளைக்கு எப்போ காய மாத்திக்கணும், எப்போ மாத்தக் கூடாதுன்னு தானா தெரிஞ்சிரும்.

கேள்வி: பொண்ணு மூணு டோர்னமென்ட் விளையாண்டுட்டா, இன்னும் ரேட்டிங் வரல. எத்தன ஆட்டம் ஜெயிக்கணும்? (ஒரு அம்மா, வாடிப்பட்டி)

பதில்: ஜெயிக்கிற கணக்கு இல்லம்மா. ரேட்டிங் உள்ளவங்க கூட அஞ்சு ஆட்டம் கணக்குல வரணும், ஒரே டோர்னமென்ட்ல வரணும்னு இல்ல, 26 மாசத்துக்குள்ள சேர்ந்தா போதும். முதல் டோர்னமென்ட்ல ரேட்டிங் உள்ளவங்ககிட்ட ஒரு அரை பாயிண்ட் கூட எடுக்காட்டி அது கணக்குல சேராது. அப்படி கணக்கு போட்டு வர்ற எண் 1400க்கு கீழ இருந்தா ரேட்டிங் லிஸ்ட்ல பேர் வராது, 2024 மார்ச்ல இருந்து கீழ் வரம்பு அது தான், முன்ன 1000 இருந்துச்சு. ரேட்டிங் இல்லாத பிள்ளைங்க கூட விளையாண்ட ஆட்டம் இந்த அஞ்சுல சேராது, அதனால டோர்னமென்ட் முடிஞ்சதும் யார் யார் கூட விளையாண்டா, அதுல எத்தன பேருக்கு ரேட்டிங் இருக்குன்னு ஒரு நோட்ல எழுதி வைங்க. பொண்ணோட ஸ்கோர் ஷீட்டுகள தூக்கிப் போட்டுறாதீங்க, எல்லாத்தையும் அதே நோட்லயே ஒட்டி வைங்க, தோத்த ஆட்டம் ஒண்ணு எனக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல பார்ப்போம்.